பெயருக்கு விழுந்த அடி

கிளெமென்ற் ஒரு மனிதனின் முகத்தை இரும்பால் அடித்து உடைத்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் அவர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. மகள் மேரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட ஒரு தட்டுத் தட்டியதில்லை. ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் எலிப்பொறி வைப்பதென்றால் மனைவி யோசெப்பின்தான் வைக்கவேண்டும். செத்த எலியை எடுத்தெறிவதும் அவர்தான். பொலிஸ்காரர்கள் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னபோது யோசெப்பின், "ஆளை மாறி வந்திட்டியள்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.

ஆள் மாறவில்லை.

கிளெமென்ற் இடிப்பு வேலை செய்தவர். ஒஸ்லோவில் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதென்றால் முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் உரித்தெடுக்க வேண்டும். கூரைத் தட்டி, சுவர்ப் பலகை, குழாய், மின்கம்பி, தரை எல்லாம் போய் எலும்புக்கூடு மட்டும் மிஞ்ச வேண்டும். அகதியாக வந்த காலத்தில் நோர்வேயின் வடகோடியில் மீன் வெட்டினார். அந்தக் குளிரில் விரல் மூட்டுகள் பழுதாகி, ஒஸ்லோவுக்கு இறங்கி, கிடைத்த வேலை இதுதான். பதினைந்து வருடம் தூசுக்குள் நின்றார். அவர் சுவர்ப் பலகையைப் பெயர்த்தால் ஆணி தெறிக்காது. அவரோடு வேலை செய்தவர்கள் அவரிடம் கண்ட விசேஷம் அவ்வளவுதான். அதிகம் பேசமாட்டார்.

அந்த வருடம் எக்கேர்ன் பக்கம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தை உரிக்கும் வேலை. குழுவில் போலந்துக்காரர் இருவர், ருமேனியர் ஆறு பேர், தமிழர் இவர் ஒருவர். குழுத் தலைவன் ஒக்டாவியன் போஸ்தெல்னிகு என்ற ருமேனியன். நாற்பத்தைந்து வயது, கதவளவு தோள். குழுத் தலைவனை நோர்வேயில் 'பாஸ்' என்பார்கள். எல்லாரும் அவனை அப்படியே கூப்பிட்டார்கள். ஆனால் அவனுக்குத் தன் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பிடிக்கும். முதல் நாளே கிளெமென்றுக்கு அந்தப் பெயரின் பெருமையைச் சொல்லிவிட்டான். நடுக்காலத்தில் அவர்கள் நாட்டை ஆண்ட மன்னனின் அந்தரங்க அறைக்குப் பொறுப்பான பிரபுவின் பதவிப் பெயர் அது.

"மன்னன் எழும்பும்போது அவன் முகத்தை முதலில் பார்ப்பது போஸ்தெல்னிக். மந்திரிகள் எல்லாம் கதவுக்கு வெளியே நிற்பார்கள்" என்றான்.

ருமேனியர் ஆறு பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவன் இலியே ரோபு. முப்பத்துமூன்று வயது, மெலிந்த உடம்பு, கறுத்த மயிர். வேலையில் வேகம். முதல் நாள் மதியம் தொழிலாளர் சாப்பிடும் கொட்டகைக்குள் அவன் நுழைந்தபோது, போஸ்தெல்னிகு ருமேனிய மொழியில் ஏதோ சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். இலியே தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கிளெமென்ற் சன்னலால் பார்த்தார். அவன் குப்பைக் கொள்கலனின் மறைவில் குந்தியிருந்து பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவர் தன் சோற்றுப் பெட்டியோடு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார்.

"உள்ளே என்ன சொன்னான்?" என்று கேட்டார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது அரைகுறை நோர்வே மொழிதான்.

"அடிமைகள் மேசையில் சாப்பிடுவதில்லை என்றான். என் குடும்பப் பெயர் ரோபு. ரோபு என்றால் அடிமை." நோர்வே மொழியில் அதற்கு உள்ள பழைய சொல்லையும் சொன்னான்: "த்ரெல்."

சிரிப்பும் இல்லை, கூச்சமும் இல்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

அதன்பிறகு இருவரும் வெளியேதான் சாப்பிட்டார்கள். இலியே கதைக்கப் பிரியப்பட்டவன். ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முன் தன் ஊர்ப் பக்கத்து மன்னர்கள் மடங்களுக்குத் தானம் கொடுப்பார்கள் என்றான். இந்தக் குளம், இந்த ஆலை, இந்தத் தேன் காடு, கூடவே இத்தனை குடும்பம் அடிமைகள். அடிமைகளில் அநேகம் பேர் ரோமா மக்கள், இன்றைக்கும் ஜிப்சி என்று திட்டப்படுகிறவர்கள். குளத்துக்கும் ஆலைக்கும் முழுப் பெயர் உண்டு. மனிதனுக்கு ஒற்றைப் பெயர் மட்டும். ஊரிலே பிறர் அவனை என்னவென்று சொன்னார்களோ அது பின்னால் ஒட்டிக்கொண்டது. இரும்படித்தவன் ஃபியெராரு. ஆடு மேய்த்தவன் சொபானு. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவன் உங்குரெயானு. மாவரைத்தவன் மொராரு. அடிமை ரோபு. பாட்டன் பூட்டன் காலத்தில் அடிமைகளை அவிழ்த்துவிட்டார்கள். குடும்பப் பெயர் பதிய ஆள் வந்தபோது, ஊர் வாயில் இருந்ததையே பதிந்துவிட்டுப் போய்விட்டான்.

"மாற்றலாமே" என்றார் கிளெமென்ற்.

"மாற்றலாம். என் சித்தப்பா மாற்றினார். ஊரில் இப்போது அவரை, பெயர் மாற்றின ரோபு என்கிறார்கள்."

கிளெமென்ற் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். தங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை, அப்பாவின் பெயரை முன்னால் போடுவோம், நோர்வேக்காரர் அதைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூப்பிடும்போது, செத்துப்போன அப்பா சூசைப்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழும்பிப் போகிறேன்.

"இலியே என்பதற்கு என்ன பொருள்?" என்று இன்னொரு நாள் கேட்டார்.

"பொருள் இல்லை. வேதத்தில் வருகிற தீர்க்கதரிசி. நெருப்புத் தேரில் போனாரே, அவர்."

கிளெமென்ற் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். அது எலியாஸ். அவருடைய அண்ணனின் பெயர்.

அண்ணனைப் பற்றி அவர் நோர்வேயில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரிந்ததெல்லாம், அவர் நாட்டுப் பிரச்சினைக்குள் செத்துப்போனார் என்பது மட்டுந்தான். இலங்கையின் மன்னார்த் தீவில், கடற்கரையோரக் கிராமம். கிளெமென்றுக்குப் பத்தொன்பது வயது. ஒரு காலையில் துவக்குக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்கள் எல்லாரையும் கோயில் வளவுக்குள் இருத்தினார்கள். அவர்கள் கையில் ஒரேயொரு பெயர்தான் இருந்தது: எலியாஸ். எலியாஸ் எழும்பு என்றார்கள். அந்த ஊரில் எலியாஸ் என்று மூன்று பேர். ஒருவர் வலை பின்னும் கிழவர். ஒருவர் கூட்டுறவுக் கடையில் நிறுப்பவர். மூன்றாவது அண்ணன், இருபத்துநான்கு வயது, கடல் தொழில். மூவரும் எழும்பி நின்றார்கள். எந்த எலியாஸ் என்று கேட்பார்கள் என்றுதான் ஊர் முழுக்க நினைத்தது. கேட்கவில்லை. துவக்கின் பின்கட்டையால் மூவரையும் அடித்தார்கள். கிழவர் முதல் அடியிலேயே போய்விட்டார். கடைக்காரர் மாதாவைக் கூப்பிட்டார். அண்ணன் கையால் தலையை மூடினான், கையை உடைத்தார்கள், பிறகு தலையை. சூசைப்பிள்ளை இளைய மகனின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தி, அவனைத் தன் தொடைக்குள் அமுக்கி வைத்திருந்தார். கிளெமென்ற் பார்க்கவில்லை. கேட்டார். எலும்பில் மரம் விழும் சத்தம் அவருடைய தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இதையெல்லாம் இலியேக்கு அவர் சொல்லவில்லை. "என் அண்ணனுக்கும் உன் பெயர்தான்" என்று மட்டும் சொன்னார்.

குளிர் கூடக் கூட போஸ்தெல்னிகுவின் கொடுமையும் கூடியது. இலியேயை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். 'ரோபுலே' என்பான், அவர்கள் மொழியில், 'ஏய் அடிமை' என்ற மாதிரி. குளிர் தடுக்க அடைத்த கண்ணாடிக் கம்பளி நிறைந்த கூரையைப் பெயர்க்கும்போது முகமூடி கொடுக்கமாட்டான். இலியே இருமி இருமி எச்சிலில் இரத்தம் துப்பினான். ஒருநாள் தூக்கிய பலகை நழுவியதற்குச் சீமெந்துக் குழம்பில் ஊறிய கையுறையால் போஸ்தெல்னிகு அவன் கன்னத்தில் அறைந்தான். இன்னொரு நாள் அவன் தலையிலிருந்த ஹெல்மெற்றைக் கழற்றி, அதனாலேயே அவன் மூக்கில் இடித்தான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. போலந்துக்காரர் இருவரும் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மற்ற ருமேனியர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை கிளெமென்ற் அவனைத் தன்னோடு ரயிலில் ஹொல்ம்லியாவுக்குக் கூட்டிப் போனார். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு, குசினி மேசையில் இலியே மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டான். யோசெப்பின் இரண்டு தரம் போட்டுக் கொடுத்தார். அவன் கை கழுவப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் அடிச்சது?"

"பாஸ்."

"அடிபட்டுக்கொண்டு ஏன் அங்கை நிக்கிறான்? வேறை வேலை இல்லையோ?"

"இவன் படுக்கிறது எல்லிங்ஸ்ருட்டிலை, பாஸின்ரை வீட்டு நிலக்கீழ் அறையிலை. வேலையை விட்டா அண்டைக்கே பெட்டியோடை றோட்டுக்கு வரவேணும்."

"என்னத்துக்கு அடிக்கிறான்?"

கிளெமென்ற் பெயரின் கதையைச் சொன்னார். யோசெப்பின் சட்டியை மூடினார்.

"எங்கடை ஆக்களும் அப்பிடித்தானே. ஊரைக் கேப்பினம், தகப்பன்ரை பேரைக் கேப்பினம், எந்தக் கோயிலடி எண்டு கேப்பினம். அதிலை அளந்துபோட்டுத்தான் கதிரை தருவினம்." அடுப்பைத் துடைத்தபடி, "பாவம்தான். ஆனா நீங்கள் இதுக்குள்ளை போகாதேங்கோ. ரெண்டு வெள்ளையளுக்குள்ளை நடக்கிற பிரச்சினை" என்றார்.

"அவன் தன்னை வெள்ளை எண்டு சொல்லேல்லை."

கிளெமென்ற் அதற்குள் போனார். மறுநாள் வேலைத்தள மேலாளரான நோர்வேக்காரரிடம், மூக்கு உடைந்ததைச் சொன்னார். மேலாளர் நல்ல மனிதர்தான். கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், விசாரிப்பதாகச் சொன்னார். விசாரித்தார். போஸ்தெல்னிகுவைக் கூப்பிட்டு, உன்மேல் இப்படியொரு முறைப்பாடு வந்திருக்கிறது, கவனமாக இரு என்று சொல்லி அனுப்பினார். அதுதான் அவருடைய விசாரணை.

போஸ்தெல்னிகு அரைமணி நேரத்துக்குள் மூன்றாம் மாடிக்கு வந்தான்.

இலியே அங்கே கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். கிளெமென்ற் அடுத்த அறையில். நடுச்சுவர் ஏற்கெனவே உரிக்கப்பட்டு வெறும் மரச்சட்டங்கள் நின்றன. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரியும். போஸ்தெல்னிகு ஒன்றும் கேட்கவில்லை. தரையில் கிடந்த கூபைனை எடுத்தான். நுனி வளைந்த கடப்பாரை அது. மாட்டுக்கால் என்று பொருள் வரும்படி நோர்வேக்காரர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து வீசினான். இலியேயின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் திரும்பிக் கையைத் தூக்கினான். இரண்டாவது அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. கை நடுவில் மடிந்து தொங்கியது. அவன் முழங்காலில் விழுந்தான்.

"நான் சொல்லவில்லை" என்று ருமேனிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னான். அது கிளெமென்றுக்குப் பின்னால் நீதிமன்றத்தில்தான் விளங்கியது.

போஸ்தெல்னிகு இப்போது நோர்வே மொழிக்கு மாறினான், கிளெமென்றுக்கும் கேட்கவேண்டும் என்று.

"இலியே, உன் பெயரின் பொருள் என்ன? அந்தத் தமிழனுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்."

அவன் இலியேயை முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

"த்ரெல்" என்றான் இலியே.

"இன்னொரு முறை."

"த்ரெல்."

சொன்னதற்கும் அடி விழுந்தது, விலாவில். மர வேலியை மாடு முட்டினாற்போல ஒரு சத்தம். இலியே தரையில் சுருண்டான். நல்ல கையால் தலையை மூடிக்கொண்டான்.

அந்தக் கை தலைக்குப் போனதைக் கண்டது கிளெமென்றுக்கு நினைவிருக்கிறது. சட்டங்களுக்கு நடுவே புகுந்ததும் நினைவிருக்கிறது. ஒரு ஆணி அவர் தொடையைக் கிழித்தது. போஸ்தெல்னிகுவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். தான் இத்தனை பலசாலி என்று அவருக்கே தெரியாது. கூபைன் கை மாறியது. போஸ்தெல்னிகு அவர் வயிற்றில் உதைத்து, கழுத்தைப் பிடிக்க வந்தான். கிளெமென்ற் அவன் தோளில் அடித்தார். அவன் நிற்கவில்லை. காதோரம் அடித்தார். அவன் விழுந்தான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவன் கை இரண்டும் விரிந்து கிடந்தன. கிளெமென்ற் அவன் நெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தில் அடித்தார். தாடை விலகியது. மறுபடி அடித்தார். பற்கள் தூசுக்குள் தெறித்தன. வலது கண்ணின் குழி உள்ளே இறங்கியது. அவர் வாயிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது என்று போலந்துக்காரர்கள் பிறகு சொன்னார்கள். ஒரே சொல்லைத்தான் சொன்னாராம், என்ன சொல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் கழுத்திலும் ஒருவன் இடுப்பிலும் பிடித்து இழுத்துத்தான் அவரைப் பிரித்தார்கள். பிரித்த பிறகும் அவருடைய கை ஓங்கியபடியே நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இரும்பை எடுக்கவேண்டியிருந்தது.

பிறகு அவர் சுவரோரம் இருந்தார். இலியே மறுபக்கம் கிடந்து முனகினான். வெண்மையான சுண்ணாம்புத் தூசிலே இரத்தம் பரவாமல் உருண்டை உருண்டையாக நின்றது. அம்புலன்ஸ் வரும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு அடுத்த இலையுதிர் காலத்தில் நடந்தது. பேர்கனில் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்யும் மேரின் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். போஸ்தெல்னிகுவின் முகப் படங்களை நீதிமன்றத் திரையில் காட்டினார்கள். யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டார். மேரின் மூடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அப்பா, அந்தாள் கீழை விழுந்தாப் பிறகு எத்தினை தரம் அடிச்சனீங்கள்?"

"தெரியாது பிள்ளை."

"ஆறு. நான் படத்திலை பாத்தனான். ஒவ்வொரு முறிவும் வேறை வேறை பக்கத்தாலை."

"சொல்லாதை."

"நான் தினமும் இப்பிடி முகங்களைத்தான் துடைக்கிறனான். அடிச்ச ஆக்கள் எப்பிடி இருப்பினம் எண்டு யோசிச்சிருக்கிறன். வீட்டுக்குள்ளை இருப்பினம் எண்டு யோசிக்கேல்லை."

அன்றிரவே பேர்கனுக்குப் போய்விட்டாள். பல மாதம் ரெலிபோன் எடுக்கவில்லை.

இலியே சாட்சி சொன்னான். கையில் உலோகத் தகடு வைத்திருந்தார்கள். அதை மேலே தூக்க முடியாது. சத்தியம் செய்யும்போது மற்றக் கையைத் தூக்கினான். முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டதும், "இலியே ரோபு" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான். இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்றான். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். மற்றவனைக் காப்பாற்ற அடித்த அடிகள் குற்றமில்லை, விழுந்து கிடந்தவனை அடித்தது குற்றம் என்று தீர்ப்பு வந்தது. போஸ்தெல்னிகுவுக்கும் தண்டனை கிடைத்தது. கிளெமென்றுக்குக் கிடைத்தது அதைவிடக் கூட. ஏனென்றால், ஒரு கண் போயிருந்தது.

சிறைக்குப் போவதற்கு முந்தின கிழமை யோசெப்பின் மேரினின் பழைய அறையில் படுக்கத் தொடங்கினார். கிளெமென்ற் ஏன் என்று கேட்டார்.

"எனக்கு உங்கடை கையைப் பாக்கப் பயமாக் கிடக்கு."

அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டு, இரண்டு கோப்பையோடு திரும்பிவந்து, கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு அண்ணனைப் பற்றிச் சொன்னார். மூன்று எலியாஸ், கோயில் வளவு, அப்பாவின் உள்ளங்கை, சத்தம். யோசெப்பின் போர்வைக்குள் கிடந்தபடி கேட்டார். முடிந்ததும், "இதை முப்பது வருசமா வைச்சிருந்தனீங்களோ" என்றார். எழும்பி வரவில்லை. ஆனால் கதவைத் திறந்தபடி விட்டுப் படுத்தார்.

சிறையிலிருந்து வந்த பிறகு இடிப்பு வேலைக்கு ஒருவரும் அவரை எடுக்கவில்லை; அவருக்கும் அந்த இரும்பைத் தொட மனமில்லை. பழைய தளபாடங்களைத் தரம் பிரிக்கும் இடமொன்றில் வேலை கிடைத்தது. இலியே எல்லிங்ஸ்ருட்டை விட்டுப் பேர்கனுக்குப் போய், மேரின் வேலை செய்த ஆஸ்பத்திரியின் சமையலறைக்குச் சாமான் ஏற்றும் வாகனம் ஓட்டினான். முறிந்த கையால் கியர் போட முடியாது, தானியங்கி வாகனம்தான். எப்போதாவது மேரினை அங்கே நடைபாதையில் காண்பதாகவும், 'உன் அப்பா எப்படி' என்று கேட்பதாகவும் ரெலிபோனில் சொன்னான். அவள் என்ன சொல்கிறாள் என்று கிளெமென்ற் கேட்டார். "நலம் என்கிறாள்" என்றான். அவள் வீட்டுக்கு நேரே ரெலிபோன் எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு வசந்த காலத்தில் போஸ்தெல்னிகுவிடமிருந்து செய்தி வந்தது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரு மேசையில் இருந்து கதைக்க நோர்வேயில் அரசாங்கமே இடம் ஒழுங்கு செய்யும். நடுவில் ஒரு மத்தியஸ்தர் இருப்பார். அவன் அதைக் கேட்டிருந்தான்.

"போகாதேங்கோ" என்றார் யோசெப்பின்.

"கண் போனது அவனுக்கு."

"அதுக்குத்தான் சொல்லுறன். அவன் என்ன கேட்டாலும் உங்களிட்டைக் குடுக்க ஒண்டுமில்லை."

போனார். நகரின் நடுவே ஒரு சிறிய அறை, வட்ட மேசை, தண்ணீர்ச் சாடி. மத்தியஸ்தர் நரைத்த தலையோடு ஒரு நோர்வே அம்மா. போஸ்தெல்னிகு உடல் மெலிந்து, தோள் தொங்கி, எதிரே இருந்தான். வலது கண்ணில் கண்ணாடி விழி. தாடை ஒருபக்கம் ஏறி நின்றதால் சில எழுத்துகள் அவன் வாயில் வழுக்கின.

மத்தியஸ்தர் தொடங்கும்படி சொன்னதும் அவன் கிளெமென்றைப் பார்க்காமல் தண்ணீர்ச் சாடியைப் பார்த்துப் பேசினான்.

"நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். நானும் கேட்க வரவில்லை. ஒரு விசயம் சொல்ல வந்தேன். என் ஊரில் எங்கள் ஒழுங்கை முழுக்க போஸ்தெல்னிகு. அடுத்த ஒழுங்கையில் பாதியும் போஸ்தெல்னிகு. ஒரு பிரபு அத்தனை குடிசைகளை நிரப்ப மாட்டான்."

கிளெமென்ற் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"பழைய காலத்தில் வழியில் ஒருவனைக் கண்டால், நீ யாருடைய ஆள் என்று கேட்பார்கள். போஸ்தெல்னிக்குடைய ஆள் என்பான். அதுதான் பெயர். நாங்கள் அவன் வீட்டுச் சொத்து. பள்ளிக்கூடத்தில் ஒருவன் எல்லார் முன்னாலும் இதைச் சொன்னான். கல்லெடுத்து அவன் முன்பல்லை உடைத்தேன். வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். பொய் என்று அவர் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை இடுப்புவாரால் அடித்தார். அப்போது தெரிந்துகொண்டேன், அது உண்மை."

தண்ணீரை எடுத்துக் குடித்தான். வாயின் ஒரு பக்கத்தால் கொஞ்சம் வழிந்தது. துடைத்தான்.

"இந்த நாட்டுக்கு வந்தபோது ஒருவருக்கும் தெரியாது. பிரபு என்றேன், நம்பினார்கள். பிறகு இலியே வந்தான். என் பெயரைக் கேட்டதும் என்னைப் பார்த்த பார்வையில், தெரிந்துகொண்டான் என்று நினைத்தேன். அவனோ தன் பெயரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. அதை என்னால் தாங்க முடியவில்லை."

மத்தியஸ்தர் கிளெமென்றின் பக்கம் திரும்பினார்.

"முதல் இரண்டு அடியும் இலியேக்காக அடித்தேன்" என்றார். "அதற்குப் பிறகு விழுந்தது உனக்கு இல்லை."

"யாருக்கு?"

"என் அண்ணனை அடித்தவர்களுக்கு. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது."

போஸ்தெல்னிகு நல்ல கண்ணால் அவரை நேரே பார்த்தான்.

"ஆனால் கண் என்னுடையது" என்றான்.

"ஓம்" என்றார் கிளெமென்ற், தமிழில். பிறகு நோர்வே மொழியில், "அது உன்னுடையதுதான்" என்றார்.

இருவரும் எழும்பினார்கள். கை குலுக்கிக்கொள்ளவில்லை. மத்தியஸ்தர் இருவருக்கும் நன்றி சொன்னார்.

வெளியே மழை தூறியது. இருவரும் ஒரே ட்ராம் தரிப்பிடத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. கிளெமென்ற் சற்றுத் தள்ளி நடந்தார். தெருவைக் கடக்கும் இடத்தில் போஸ்தெல்னிகு இடது பக்கம் பார்த்துவிட்டு இறங்கினான். வலது பக்கத்தில் ட்ராம் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவனுக்கு இருட்டு. மணி அடித்தது. கிளெமென்ற் இரண்டு எட்டில் பாய்ந்து அவன் அங்கியின் முதுகைப் பிடித்து இழுத்தார்.

போஸ்தெல்னிகு நடைபாதையில் மல்லாக்க விழுந்தான். ட்ராம் அவன் காலடியை உரசிக்கொண்டு போனது. மேலே குனிந்து நின்ற முகம் யாருடையது என்று கண்டதும், அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உடம்பைச் சுருட்டினான்.

"ட்ராம்" என்றார் கிளெமென்ற். "ட்ராம் வந்தது."

அவன் கையை எடுக்கவில்லை. ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண், என்ன செய்தாய் என்று கிளெமென்றைக் கேட்டாள். அவர் நான்கைந்து அடி பின்னால் போய், தன் கைகளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு, மழைக்குள் நின்றார். போஸ்தெல்னிகு மெல்ல எழும்பி, முழங்காலைத் துடைத்து, இந்த முறை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து போனான்.